இங்க் பேனாவுக்குத் தோல் உறை: எதைப் பார்த்து வாங்குவது?

மைக்கூடு (நெல்லை)

எல்லோருக்கும் வணக்கம். நான் ஒரு பள்ளி ஆசிரியை. இங்கே நான் படிப்பதுதான் அதிகம், எழுதுவது குறைவு. இன்று எழுத ஒரு காரணம் வந்துவிட்டது.

அப்பாவின் எபோனைட் (கெட்டியாக்கிய ரப்பர்) பேனா ஒன்று என்னிடம் இருக்கிறது. இங்க் ஃபில்லரால் மை ஊற்றி எழுதும் பழைய வகை. அவர் காலமான பிறகு அதைக் கழுவித் துடைத்து, வீட்டில் கிடந்த ஒரு ரெக்ஸின் உறையில் போட்டு பீரோவில் வைத்தேன். மூன்று மழைக்காலம் போய்விட்டது. போன வாரம் எடுத்தால், உறையின் உள்பக்கம் பிசுபிசுவென்று இளகிப்போய், பேனா மூடி முழுக்கக் கறுப்புச் செதில் செதிலாக ஒட்டியிருக்கிறது. கிளிப்பின் அடியில் உள்ள சின்ன இடுக்கிலும் அதேதான். நகத்தால் சுரண்டப் பயமாக இருக்கிறது. அந்த மூடியைத் திருகும்போது அப்பா கட்டைவிரலை வைக்கும் இடம் லேசாகத் தேய்ந்து பளபளப்பாக இருக்கும். இப்போது அங்கேதான் அதிகமாக ஒட்டியிருக்கிறது.

இனி நல்ல தோல் உறை ஒன்றே வாங்கிவிடலாம் என்று முடிவு செய்துவிட்டேன். என்னிடம் மொத்தம் ஆறு பேனா: அப்பாவுடையது, லாமி சஃபாரி, பைலட் மெட்ரோபாலிட்டன், ட்விஸ்பி 580, பெலிக்கன் எம்200, பித்தளையில் செய்த கவேக்கோ ஸ்போர்ட். நாலாயிரம் ரூபாய் வரை செலவழிக்கலாம். ஜிப் வைத்த பெரிய உறையா, சுருட்டிக் கட்டுவதா, மூன்று பேனா செருகும் சின்னதா? கடைகளில் எல்லாவற்றிலும் 'ஜெனுயின் லெதர்' என்றுதான் போட்டிருக்கிறார்கள். எதை நம்புவது?

குறிப்பேடு (சென்னை)

டீச்சர், முதலில் மூடியைப் பார்ப்போம். வெந்நீர் வேண்டவே வேண்டாம், ஸ்பிரிட்டும் வேண்டாம். பழைய எபோனைட் வெந்நீர் பட்டால் கறுப்பு போய்ப் பழுப்பாகிவிடும். தண்ணீரில் ஊறப்போடவும் கூடாது. செல்லோடேப்பை விரலில் பசைப்பக்கம் வெளியே தெரியும்படி சுற்றி, ஒற்றி ஒற்றி எடுங்கள். தேய்க்காதீர்கள். கிளிப்பின் அடியில் இருப்பதை மூங்கில் பல்குச்சியின் முனையைக் கொஞ்சம் மென்று மழுக்கிக்கொண்டு நெம்புங்கள். கடைசியில் ஒரு சொட்டு சோப்பு கலந்த பச்சைத் தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து துடைத்து, உடனே உலர்த்திவிடுங்கள். இரண்டு மூன்று நாள் ஆகும். அவசரம் வேண்டாம்.

இப்போது உறை. உங்கள் கேள்விக்கு முன்னால் நான் ஒரு கேள்வி கேட்க வேண்டும். ஆறில் எத்தனை பேனா தினமும் பள்ளிக்கு வருகிறது? ஏன் கேட்கிறேன் என்றால், எடுத்துப் போவதற்கான உறை வேறு, வீட்டில் வைப்பதற்கானது வேறு. ஒரே உறையில் இரண்டையும் முடித்துக்கொள்ளப் பார்ப்பதால்தான் பாதிப் பேர் ஏமாந்துபோகிறோம். எடுத்துப் போகும் உறை இறுக்கமாக, கெட்டியாக, மூடி கழன்றுவிடாதபடி இருக்க வேண்டும். வீட்டில் வைப்பதற்குக் காற்று வேண்டும், ஈரம் தங்கக் கூடாது, பேனாவின் மேல் எதுவும் அழுத்தக் கூடாது. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர்.

மைக்கூடு (நெல்லை)

மிக்க நன்றி சார், இன்றைக்கே ஆரம்பிக்கிறேன். தினமும் மூன்றுதான் கொண்டு போகிறேன்: சஃபாரியில் சிவப்பு மை, ட்விஸ்பியில் நீலம், அப்புறம் எம்200. பேருந்தில் ஒரு மணி நேரம். அப்பாவின் பேனா வீட்டை விட்டு வெளியே போகாது. பித்தளைப் பேனா ஞாயிற்றுக்கிழமைக்கு.

தோல்பட்டறை (ராணிப்பேட்டை)

டீச்சர் வணக்கம். இருபது வருடத்துக்கு மேல் தோல் ஷாப்பில்தான், அதாவது தோல் பதனிடும் இடத்தில்தான் வேலை. பேனா பைத்தியம் அதற்கும் முன்னாலிருந்தே உண்டு. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் உறைக்கு நேர்ந்தது ரெக்ஸினுக்கு எப்போதும் நேர்வதுதான். துணியின் மேல் பிவிசி பூசியிருந்தால், அது மிருதுவாக இருப்பதற்காக எண்ணெய் மாதிரி ஒரு பொருளைக் கலந்திருப்பார்கள். நாளாக ஆக அது வெளியே கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொள்ளும். பாலியூரித்தேன் பூசியிருந்தால் காற்றிலுள்ள ஈரமே அதை உடைத்து இளக்கிவிடும். நம் ஊர் மழைக்காலத்தில் பீரோவுக்குள் மூடியே கிடந்தால் கேட்கவே வேண்டாம். உங்கள் தவறு எதுவும் இல்லை.

'ஜெனுயின் லெதர்' என்ற முத்திரையை மட்டும் வைத்து எதையும் வாங்காதீர்கள். மாட்டுத்தோல் தடிமனாக இருப்பதால் அதை இரண்டு மூன்று அடுக்காகப் பிளப்போம். மேல் அடுக்கில்தான் இயற்கையான நெருக்கமான நார் இருக்கும். அடியில் வருவது ஸ்பிளிட். அதன் மேல் பிளாஸ்டிக் பூச்சு கொடுத்து, மெஷினில் வைத்துத் தோலின் ரேகைகளை அழுத்தி எடுத்தாலும் அதுவும் உண்மையான தோல்தான், பொய்யில்லை. ஆனால் இரண்டு வருடத்தில் மேல்பூச்சு உரியும். அதற்கும் கீழே ஒன்று உண்டு: தோல் தூளைப் பசையில் குழைத்துத் தகடாக்கிய பாண்டட் லெதர். ஃபுல் கிரெயின், அதாவது இயற்கையான மேல்பரப்பு அப்படியே இருக்கும் மேல் அடுக்குத் தோல் என்று சொல்லிக் கேளுங்கள். கேட்ட பிறகும் நீங்களே ஒருமுறை பாருங்கள். உறையின் வெட்டு விளிம்பை வெளிச்சத்தில் பிடித்தால் நார் நாராகத் தெரிய வேண்டும். கெட்டியான பெயின்ட் பூசி விளிம்பையே மறைத்திருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். மேல்பக்கத்தை விரலால் மடித்துப் பாருங்கள். நல்ல தோலில் சின்னச் சின்னச் சுருக்கம் ஓடும், விட்டால் போய்விடும். பூச்சுத் தோலில் ஒரே கோடாக மடிப்பு விழும்.

அடுத்தது பதனிட்ட முறை. குரோம் உப்பில் பதனிட்டால் ஒரு நாளில் வேலை முடிந்துவிடும். தோல் மிருதுவாக இருக்கும், தண்ணீர் பட்டால் பெரிதாகக் கெடாது. (சென்னைக் குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்ததே அங்கிருந்த குரோம் லெதர் கம்பெனியால்தான்.) மரப்பட்டையில் பதனிட்டால் வாரக்கணக்கில் ஆகும். நம் திருச்சி, திண்டுக்கல், ஈரோட்டுப் பக்கம் ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டுப் பதனிட்டுக் கப்பலேற்றிய தோல்தான் உலகச் சந்தையில் ஈ.ஐ. லெதர், அதாவது கிழக்கிந்தியத் தோல் என்று பேர் வாங்கியது. அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. பட்டைத் தோல் விறைப்பாக நிற்கும், கொடுத்த வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும், கை படப்பட நிறம் ஏறி அழகாகும். தினமும் தூக்கிப் போகும் உறைக்கு அந்த விறைப்பு தேவை. என் ஓட்டு அதற்குத்தான்.

ஆனால் பட்டைத் தோலுக்கு ஒரு குணம் உண்டு, இங்க் பேனாக்காரர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. கடுக்காயையும் அன்னபேதி என்ற இரும்பு உப்பையும் சேர்த்து மை காய்ச்சுவார்கள் இல்லையா? துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுக்கும். அதே துவர்ப்புதான் இந்தத் தோல் முழுக்க இருக்கிறது. மட்டமான இரும்பு பிரஸ் பட்டன் வைத்த உறை ஒரு தடவை மழையில் நனைந்தால் போதும், பட்டனைச் சுற்றிக் கருநீல வளையம் விழுந்துவிடும், போகவே போகாது. அதனால் பட்டனே இல்லாமல், நாக்கு மாதிரி ஒரு வாரைச் செருகி மூடும் உறை கிடைத்தால் அதை எடுங்கள்.

வெண்பா_நிப்பு (கோவை)

தோல்பட்டறை அண்ணன் சொன்னதெல்லாம் சரி. ஆனாலும் தோல்தான் வேண்டுமா என்று நான் கேட்பேன். பருத்தித் துணியில் தைத்த சுருள் உறையை எட்டு வருடமாகப் பயன்படுத்துகிறேன். ஒவ்வொரு பேனாவுக்கும் தனி அறை, மேலே மடிக்க ஒரு மடல், சுருட்டி நாடாவால் கட்டினால் முடிந்தது. அழுக்கானால் துவைக்கலாம். பூஞ்சை பிடித்தாலும் துவைக்கலாம். ஜப்பானில் பழைய கிமோனோ துணியில் தைத்து விற்கிறார்கள், பார்க்கவே கொள்ளை அழகு. செலவும் குறைவு. சாயம் மட்டும் போகாத துணியாக இருக்க வேண்டும்.

குறிப்பேடு (சென்னை)

வீட்டுக்குள் வைக்கத் துணிச்சுருள் மிகவும் சரி, நானும் வைத்திருக்கிறேன். ஆனால் டீச்சர் பேருந்தில் போகிறார். பையில் டிபன் பாக்ஸும் தண்ணீர் பாட்டிலும் இருக்கும். துணி கீறலைத் தடுக்கும், நசுங்குவதைத் தடுக்காது. இன்னொன்று, சுருள் பைக்குள் படுத்த வாக்கில்தான் கிடக்கும். மை நிறைந்த பேனா ஓடும் பேருந்தில் படுத்துக் கிடந்தால் மூடிக்குள் மை தெறிக்கும். நிப்பு மேல்நோக்கி நிற்க வேண்டும். அதற்குப் பையின் ஓர் உள்ளறையில் நேராக நிற்கும் மூன்று பேனா உறைதான் சரிப்படும்.

வெண்பா_நிப்பு (கோவை)

நிப்பு மேலே நிற்பதைப் பற்றிச் சொன்னது நியாயம். நான் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவள், அதனால் தோன்றவில்லை. தினசரிக்குத் தோல், வீட்டுக்குத் துணி. டீச்சர், அப்படியே செய்யுங்கள்.

செராங்கூன்_மழை (சிங்கப்பூர்)

வீட்டில் வைப்பதைப் பற்றி நான் கொஞ்சம் சொல்கிறேன். இங்கே வருடம் முழுக்க ஈரக்காற்று. துருக்கியின் இஸ்தான்புல்லிலிருந்து கேலன் லெதர் உறை ஒன்று வரவழைத்தேன், தோலும் தையலும் அருமை. அதைப் பேனாக்களோடு மூடி அலமாரிக்குள் வைத்துவிட்டு ஒன்றரை மாதம் ஊருக்குப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் மடிப்புகளில் சாம்பல் பூத்த மாதிரி வெள்ளைப் பூஞ்சை. குறை தோலில் இல்லை, என் அலமாரியில்தான்.

மாடியில் வைத்து உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுத்தேன், நிழலில் இரண்டு நாள் காற்றாட விட்டேன். வெயிலில் வைத்திருந்தால் விறைத்து வெடித்திருக்கும். கறை இல்லாமல் போய்விட்டது. இப்போது கேமராவுக்கு வைத்திருக்கும், ஈரத்தைக் கட்டுப்படுத்தும் டிரை கேபினட்டிலேயே உறையையும் வைக்கிறேன், ஈரப்பதம் 45 முதல் 50 சதவீதத்தில் நிற்கும். அதற்கும் கீழே இறக்குவதில்லை, தோல் காய்ந்துபோகும். கேபினட் இல்லாதவர்கள் ஒரு டப்பாவில் சின்ன சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டு, வாரம் ஒரு முறை திறந்து வைத்தாலே போதும்.

மைக்கூடு (நெல்லை)

எங்கள் வீட்டு பீரோவில் பாச்சை உருண்டை இருக்கும். பூச்சிக்கு என்று உறையின் பக்கத்திலேயே ஒன்று போட்டு வைத்திருந்தேன். அதனால் ஏதாவது ஆகியிருக்குமா?

தோல்பட்டறை (ராணிப்பேட்டை)

உடனே எடுத்துவிடுங்கள் டீச்சர். அந்த ஆவி சில வகை பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். பழைய பேனாக்கள் பக்கத்தில் அது இருக்கவே கூடாது.

அதோடு இன்னொன்று. தோல் பளபளக்கட்டும் என்று தேங்காய் எண்ணெய் தடவும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. வேண்டாம். தோல் அதைக் குடித்துவிட்டுக் கறுக்கும், நாளானால் சிக்கு வாடை அடிக்கும், பேனாவிலும் ஒட்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை தேன்மெழுகு கலந்த லெதர் பாலிஷைப் பட்டாணி அளவு எடுத்து வெளிப்பக்கம் மட்டும் தேய்த்தால் போதும். உள்பக்கம் எதுவும் தடவக் கூடாது.

பித்தளைச்செம்பு (திருவாரூர்)

பித்தளை கவேக்கோ என்று பார்த்ததும் ஓடி வந்தேன். அதைத் தோல் உறைக்குள் நாள்கணக்கில் விட்டுவிடாதீர்கள் அக்கா. நான் விட்டேன். இரண்டு மாதம் கழித்து எடுத்தபோது, தோல் தொட்ட இடமெல்லாம் பச்சையாகக் களிம்பு, உறையின் உள்பக்கத்திலும் பச்சைக் கறை. புளி போட்டுத் தேய்த்துப் பேனாவைச் சரிசெய்துவிட்டேன், உறையைச் சரிசெய்ய முடியவில்லை.

தோல்பட்டறை (ராணிப்பேட்டை)

காரணம் இதுதான் தம்பி: தோலுக்குள் இருக்கும் கொழுப்பு அமிலம் செம்போடும் பித்தளையோடும் சேர்ந்தால் களிம்பு கட்டும். வெள்ளிப் பேனாவுக்கு வேறு சிக்கல். முடி நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்ஃபைடு போடுவோம். சரியாகக் கழுவாத தோலில் அந்தக் கந்தகம் கொஞ்சம் தங்கியிருக்கும், வெள்ளி கறுத்துவிடும். எபோனைட்டும் ரப்பரையும் கந்தகத்தையும் சேர்த்து வேகவைத்துச் செய்வதுதான், அதனால் வெள்ளிப் பேனாவை எபோனைட் பேனாவோடு ஒரே டப்பாவில் மூடி வைக்காதீர்கள். பழைய செல்லுலாய்டு (அந்தக் காலத்து பிளாஸ்டிக்) பேனா யாரிடமாவது இருந்தால், அதைக் காற்றுப் புகாத எதிலும் அடைக்காதீர்கள்.

டீச்சர் கணக்குக்கு வருகிறேன். பித்தளையை ஒரு பருத்தித் துணிப்பையில் வையுங்கள். அப்பா பேனாவைத் துணிச்சுருளில் சுற்றி, வெளிச்சம் படாத இழுப்பறையில் வையுங்கள். எபோனைட்டை வெளிச்சமும் ஈரமும் சேர்ந்துதான் பழுப்பாக்கும். தோல் உறை, கொண்டுபோகும் மூன்று பேனாவுக்கு மட்டும் போதும்.

மைக்கூடு (நெல்லை)

நல்லது. ஆக எனக்கு வேண்டியது மூன்று பேனா உறை ஒன்றுதான். பைலட் நிறுவனத்தின் பென்சாம்பிள் உறை, கேலன் உறை என்று தேடிப் பார்த்தேன், தபால் செலவும் சுங்கமும் சேர்ந்தால் கைக்கு அடங்காது போலிருக்கிறது. இங்கேயே பை தைப்பவர் யாரிடமாவது சொல்லிச் செய்யலாமா? என்ன அளவு சொல்வது?

குறிப்பேடு (சென்னை)

தாராளமாகச் செய்யலாம். சென்னைக்கு வர வாய்ப்பிருந்தால் பெரியமேட்டில் தோல் சதுர அடிக் கணக்கில் கிடைக்கும்.

அளவு எடுக்க எளிய வழி: ஒரு காகிதப் பட்டையைப் பேனாவின் மிகத் தடிமனான இடத்தில், கிளிப்பையும் சேர்த்துச் சுற்றி நீளத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதில் பாதிதான் அறையின் குறைந்தபட்ச உள் அகலம். தையல் பிடிப்பதும் தோலின் தடிமனும் தனி. உதாரணத்துக்கு 16 மி.மீ. தடிமனுள்ள பேனாவின் சுற்றளவு 50 மி.மீ., பாதி 25. கிளிப்புக்கும் செருகி எடுக்கும் சௌகரியத்துக்கும் சேர்த்து 29 அல்லது 30 வையுங்கள். 13 மி.மீ. பேனாவுக்கு 25 போதும். ரொம்ப இறுக்கினால் உருவும்போது மூடி மட்டும் கையோடு வந்து பேனா உள்ளேயே நின்றுவிடும். சஃபாரியின் கம்பிக் கிளிப் வெளியே துருத்திக்கொண்டிருக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உயரத்துக்கு: சஃபாரி 14 செ.மீ., ட்விஸ்பி அதைவிடச் சற்றே கூட, எம்200 12.5. எல்லா அறையும் ஒரே ஆழத்தில் இருந்தால் எம்200 உள்ளே மூழ்கிவிடும், விரலுக்கு எட்டாது. அதன் அறையை மட்டும் ஆழம் குறைத்துத் தைக்கச் சொல்லுங்கள். நாளைக்கு ஒரு மோன்பிளாங்க் 149 வாங்கினால் அது கிட்டத்தட்ட 15 செ.மீ., அதற்கும் இடம் இருக்கட்டும்!

அறைகளுக்கு நடுவே தடுப்பு கட்டாயம் வேண்டும். எலாஸ்டிக் வளையம் வைத்த ஜிப் உறைகளில் எனக்குப் பிடிக்காதது அதுதான், பேனாவும் பேனாவும் உரசும். வளையமும் நாளடைவில் தொளதொளத்துவிடும். ஜிப்பின் உலோகப் பல் பேனாவின் மேல் இழுபட்டால் கோடு விழும்.

தோல்பட்டறை (ராணிப்பேட்டை)

வெளித்தோல் 1.5 மி.மீ., தடுப்புக்கு 1 மி.மீ. என்று சொல்லுங்கள். மெழுகு நூலில் இரு ஊசித் தையல் போடுபவராக இருந்தால் நல்லது, ஒரு கண்ணி அறுந்தாலும் மொத்தமும் பிரியாது. உள்பக்கத்துக்குச் சாயம் ஏற்றாத தோல் கேளுங்கள். வாங்கும் முன் வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துப் பிழிந்து, உள்ளே விட்டு இருபது தடவை அழுத்தித் தேயுங்கள். கைக்குட்டையில் நிறம் இறங்கினால் வாங்காதீர்கள். இன்று கைக்குட்டையில் இறங்குவது நாளை வெளிர் நிறப் பேனாவில் இறங்கும்.

மைக்கூடு (நெல்லை)

மூன்று வாரம் கழித்து வருகிறேன். மன்னிக்கவும், தேர்வுத் தாள்.

பாளையங்கோட்டையில் செருப்பும் பையும் தைக்கும் ஒரு பெரியவரிடம் போனேன். காகிதத்தில் படம் போட்டு அளவெல்லாம் எழுதிக் கொண்டு போயிருந்தேன். அவர் படத்தைப் பார்க்கவே இல்லை. 'பேனாவைக் கொடும்மா' என்று மூன்றையும் வாங்கித் தோலின் மேல் படுக்க வைத்து, குத்தூசி முனையால் ஓரத்தில் கோடு இழுத்தார். எம்200ஐ எடுத்ததும், நான் சொல்வதற்கு முன்பே, 'இது குட்டை, அடியில மேடு வைக்கணும்' என்றார். அந்த அறையின் அடியில் தோல் துண்டுகளை அடுக்கி ஒட்டி உயர்த்தியிருக்கிறார். இப்போது மூன்று மூடியும் ஒரே மட்டத்தில் நிற்கின்றன. பட்டன் கிடையாது, வாரைச் செருகி மூடுவது. தோலும் கூலியும் சேர்த்து 1,400 ரூபாய்.

கைக்குட்டை சோதனையை அவர் முன்னாலேயே செய்தேன். தப்பாக எடுத்துக்கொள்வாரோ என்று தயக்கமாக இருந்தது. அவரோ, 'நல்லா அழுத்தித் தேய்ங்க' என்று தண்ணீர்ச் செம்பை நகர்த்தி வைத்தார். கைக்குட்டை வெள்ளையாகவே வந்தது.

முதல் நான்கு நாள் ட்விஸ்பி இறுக்கமாக இருந்தது. இப்போது தோல் அதற்கு இடம் கொடுத்துவிட்டது. பேருந்தில் பையின் பக்கவாட்டு அறையில் நேராக நிற்கிறது. மூடிக்குள் ஒரு சொட்டு மை கூட இல்லை.

அப்பாவின் பேனா முழுக்கச் சுத்தமாகிவிட்டது. செல்லோடேப் ஒன்றரைச் சுருள் தீர்ந்தது. கிளிப்பின் அடியில் இருந்ததை எடுக்கத்தான் ஒரு வாரம் பிடித்தது. என் பழைய வெள்ளைப் பருத்திச் சேலைத் துண்டில் உறை தைத்து, இழுப்பறையில் வைத்திருக்கிறேன். மாதம் ஒரு நாள் எடுத்து மை ஊற்றி ஒரு பக்கம் எழுதிவிட்டுக் கழுவி வைப்பதாக முடிவு. நேற்று எழுதினேன். நிப்பு இன்னும் அவர் சாய்த்துப் பிடித்த பக்கமாகவே ஓடுகிறது.

பித்தளைச்செம்பு (திருவாரூர்)

அக்கா, அந்தப் பெரியவர் வெளியூர் ஆர்டர் எடுப்பாரா? பேனாவைத் தபாலில் அனுப்ப மனமில்லை, நேரிலேயே வந்துவிடுகிறேன்.

மைக்கூடு (நெல்லை)

வாங்க தம்பி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கடை இல்லை. நான்கு பேனாவுக்கு மேல் இருந்தால் ஒரு வாரம் டைம் கேட்பார். பித்தளைப் பேனாவை மட்டும் வீட்டிலேயே விட்டுவிட்டு வாங்க.